செருப்பில்லாத பத்தாமவர்

முத்துத்துறைப் பட்டணத்து யூத சபையில் நகூம் என்றோர் அடியார் இருந்தார். ஆள் கூட்டுவது அவர் தொண்டு. ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்தால்தான் அந்த ஜெப ஆலயத்தில் காலைத் தொழுகை நிறைவு பெறும். ஒருவர் குறைந்தாலும், இறந்தவர்களுக்காகச் சொல்லும் கத்தீஷ் வேண்டுதலைச் சொல்லக் கூடாது. ஆகவே நகூமியார் விடியும் முன்பே வெறுங்காலோடு மிளகுக் கிடங்குத் தெருவில் வீடு வீடாகக் கதவு தட்டுவார். "ஏழரை வந்தாச்சு" என்று உள்ளிருந்து குரல் வரும். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போவார். கால் வலிக்கும். யாரிடம் சொல்வது?

செருப்போடு ஆலயத்துக்குள் போகும் வழக்கம் அங்கில்லை. தலைகளை எண்ணும் வழக்கமும் இல்லை; மனிதரை எண்ணினால் ஆயுள் குறையும் என்பார்கள். பத்துச் சொல் கொண்ட வசனமொன்றை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லி வருவார்கள். சொல் தீர்ந்தால் ஆள் சேர்ந்தாயிற்று. கடைசிச் சொல்லுக்கு 'என்றென்றும்' என்று பொருள். வாசலோரம் நிற்கும் நகூமியாருக்கே பெரும்பாலும் அது வந்து சேரும்.

சபைத் தலைவர் சப்தாய் முதலாளிக்குப் பிள்ளையில்லை. சாகக் கிடந்தபோது அடியாரை அழைத்தார். "நகூமே, எனக்குக் கத்தீஷ் சொல்ல ஆளில்ல. அக்கா மகன் யோராம் வருவான், ஆனா வாயத் திறக்கமாட்டான். வழக்கப்படி பதினோரு மாசமும் நீயே சொல்லிடுப்பா" என்றார். "சொல்றேன் முதலாளி" என்றார் அடியார். கொடுத்த வாக்கைத் தூக்கிக்கொண்டுதான் அதன்பின் நடந்தார்.

யோராம் பம்பாயிலிருந்து வந்து தலைவரானார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவரும் களைத்த மனிதர்தான். கூரை ஒழுகியது, குடும்பங்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன. சீரமைப்பு என்று தொடங்கினார். பள்ளிக் குழு, கல்லறைக் குழு, ஏழைகள் குழு எல்லாம் ஒன்றாயின. ஆள் கூட்டும் வேலையும் எடுக்கப்பட்டது. ஆண்டவருக்கு இங்கே என்ன வேலை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, அதுவரை நல்லது.

"பெரியவரே, இனிமே நீங்க கதவு தட்ட வேண்டாம்" என்றார் யோராம். "வர்றவங்க வரட்டும். என்னைக்குப் பத்துப் பேர் சேரலையோ, அன்னைக்கோட தினத் தொழுகைய நிறுத்திரலாம். ஓய்வு நாள்ல மட்டும் திறப்போம்."

"உங்க மாமாவுக்குக் கத்தீஷ் இன்னும் முடியல தம்பி."

"மாமா மேல எனக்கும் பாசம் உண்டு. அதுக்காக எத்தன நாளைக்கு இத இழுத்துக்கிட்டுப் போறது?"

சம்பளம் நின்றது, நடை நிற்கவில்லை. "சபையே வேண்டாங்குது, உமக்கென்ன கேடு?" என்று சிலர் கதவைச் சாத்தினார்கள். அடியார் வாசற்படியில் குந்தி, முழங்காலை நீவிக்கொண்டு, "ஆண்டவரே, கால் நீர் குடுத்தது. போதும்னா சொல்லும்" என்பார். எழுந்து அடுத்த வீட்டுக்குப் போவார்.

பதினோராம் மாதத்தின் கடைசி வாரம் மழை கொட்டியது. வழக்கமாக வருபவர்களில் சிலர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். அன்று காலை யோராம் பூட்டோடு வந்து, தாம் தொழுகைக்கு உள்ளே போகாமல், ஆலய வாசலில் உட்கார்ந்தார். உள்ளே போக அந்த ஒரு வாசல்தான். எத்தனை ஊர் பார்த்தும் அவருக்கும் தலையெண்ண மனம் வரவில்லை, செருப்பை எண்ணினார். எட்டு ஜோடி. வெறுங்கால் கிழவரையும் சேர்த்தால் ஒன்பது. முடிந்தது என்று நினைத்தார். மகிழ்ச்சி ஒன்றும் வரவில்லை.

உள்ளே வசனம் தொடங்கியது. ஒவ்வொரு சொல்லாக வந்து, பத்தாம் சொல்லும் கேட்டது. அடியாரின் களைத்த குரல். பிறகு மாமாவின் பெயரால் கத்தீஷும், அதற்கு ஆமென்களும்.

தொழுகை முடிந்து எட்டுப் பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் போனார்கள். கடைசியாக அடியார் வந்தார்.

"பெரியவரே, ஒம்பது பேர வச்சு எப்படிக் கத்தீஷ் சொன்னீங்க?"

"பத்துப் பேர் தம்பி. கடைசிச் சொல்லு எனக்குத்தான வந்துச்சு."

"எட்டு ஜோடிச் செருப்புத்தான கிடந்துச்சு."

அடியார் திரும்பி உள்ளே பார்த்தார். "எனக்கு முன்னால ஒருத்தர் நின்னாரு. அவருக்கும் செருப்பில்ல. குதிகால்ல வெடிப்பு, ரொம்ப தூரம் நடந்தவர் மாதிரி. வெளியூர் ஏழை போலன்னு நினைச்சேன். சங்கடப்படுவாரேன்னு பேரு கேக்கல."

யோராம் உள்ளே போய்ப் பார்த்தார். ஒருவரும் இல்லை. அதுவரை வாசலைவிட்டு அவர் நகரவும் இல்லை, அவரைத் தாண்டி வேறு யாரும் போகவும் இல்லை. மாமா இறந்து அத்தனை மாதம் வராத அழுகை அப்போது வந்தது.

மறுநாள் விடியுமுன் மிளகுக் கிடங்குத் தெருவில் கதவுகள் தட்டப்பட்டன. "ஏழரை வந்தாச்சு" என்றபடி கதவைத் திறந்தவர்கள் அவசரமாக வேட்டியைச் சரிசெய்துகொண்டார்கள். வெறுங்காலோடு நின்றவர் சபைத் தலைவர் யோராம். அன்று நகூமியார் உட்கார்ந்திருக்க, மருமகனே மாமாவுக்குக் கத்தீஷ் சொன்னார்.

கூப்பிட்டும் வராத மனிதருக்குப் பதிலாய், கூப்பிடாமலே வந்து நின்றார் ஆண்டவர். அதுவும் தம் அடியாரைப் போலவே வெடித்த குதிகாலோடு. அப்படி அவரை வரவைத்த நகூமியாரின் ஓயாத கால்களுக்கு எம் வணக்கம்.