மதகுக் கல்லில் இருக்கும் பெயர்

அந்தக் காலத்தில், பறவைகளுக்கும் நம் பேச்சு வாய்த்திருந்தபோது, பட்டணத்தை ஒட்டிய ஊர்களில் ஒரு வழக்கம் இருந்தது. குளம் வெட்டினாலும் சத்திரம் கட்டினாலும் பக்கத்தில் ஒரு கல் நடுவார்கள். அதில் யார் பெயரை வெட்டுவது என்பதை மட்டும் மனிதர்களிடம் விடமாட்டார்கள். மனிதர்களுக்கு மாமன் மச்சான் உண்டு, வேண்டியவன் வேண்டாதவன் உண்டு. அதனால் நீர்க்கரையிலேயே குடியிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு நெட்டைக்கால் பறவையைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அது ஊர் நடுவில் நின்று சொல்லும் பெயரைக் கல்தச்சன் அப்படியே வெட்டுவான். அந்தப் பறவை பொய் சொன்னதாக எங்கும் பேச்சே கிடையாது.

அப்படி ஓர் ஊரில், பெரிய ஏரியின் மதகைப் பார்த்துக்கொண்டிருந்தவன் துலுக்காணம். அவன் பெண்சாதி கன்னியம்மா. ஐப்பசி அடைமழையில் ஒரு விடியற்காலை, மதகுக்குப் பக்கத்தில் கரை கசிகிறது என்று வைக்கோல் பிரிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கசிவு உடைப்பாகிவிட்டது. பிரிகளைத் திணித்துப் பார்த்தான், நிற்கவில்லை. கடைசியில் தானே அந்த உடைப்பு வாயில் இறங்கி முதுகைக் கொடுத்து நின்றான். மேல்கரை சரிந்து அவன்மேல் விழுந்தது. உடைப்பு அடைபட்டது, ஊர் பிழைத்தது, துலுக்காணம் கரைக்குள்ளேயே போய்விட்டான். இதையெல்லாம் பார்த்தது மதகோரத்து மருத மரத்தில் குஞ்சுகளோடு இருந்த அந்தப் பறவை ஒன்றுதான்.

கன்னியம்மாவுக்குப் புருஷன் உடம்புகூடக் கிடைக்கவில்லை. தோண்டி எடுத்துக் கொடுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டாள். கரையைத் தோண்டினால் ஏரி போய்விடும் என்றார்கள். அது நியாயம்தான் என்று அவளும் அடங்கிவிட்டாள். கொள்ளி வைக்க வழியில்லை, குழி என்று காட்ட இடமில்லை. எப்படியும் மதகடியில் கல் நடுவார்கள், அதில் அவர் பெயர் இருக்கும், அங்கே ஒரு விளக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். அவள் ஆசை அவ்வளவுதான்.

ஊருக்குப் பெரியதனக்காரர் தனகோட்டி. வெள்ளம் வடிந்த பிறகு, கால் நனையாமல் கரைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவர். ஏரி காத்தவர் என்று ஒரு கல் இருந்தால் பேரன் பேத்தி காலத்துக்கும் நிற்குமே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நேரே மருத மரத்தடிக்குப் போனார். மரம் தன் நிலத்தில் நிற்கிறது என்பதைப் பறவைக்கு நினைவுபடுத்தினார். தன் பெயரைச் சொன்னால் மரம் அதற்கும் அதன் வம்சத்துக்கும் என்றார். சொல்லாவிட்டால் பொழுது சாய்வதற்குள் கோடாலி வரும் என்றார். குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை.

மறுநாள் ஊர் கூடியது. கன்னியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். உளியும் கையுமாக நின்ற கல்தச்சன், ஏரியைக் காத்த ஆள் யார் என்று வழக்கப்படி கேட்டான். பறவை அவள் பக்கம் திரும்பவே இல்லை. "தனகோட்டி" என்றது.

கூட்டத்தில் ஒருவருக்கும் இது புரியாமல் இல்லை. வைக்கோல் பிரியோடு ஓடியவனை எதிரே பார்த்தவர்கள் இருந்தார்கள். அவன் முண்டாசுத் துணி கரை மண்ணில் நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டவர்களும் இருந்தார்கள். ஆனால் பறவை சொல்லிவிட்டது, வழக்கத்தை மீறலாமா, நமக்கெதுக்கு வம்பு என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். வெட்கங்கெட்ட ஊர்.

கன்னியம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. "வாயைத் தொறந்து ஒரு பேரு சொல்றதுக்கு உனக்கு என்னா கொடுத்தாங்க?" என்று கேட்டாள்.

கல் நட்டாயிற்று. நட்ட மறுவாரமே தனகோட்டி மருத மரத்தை வெட்டச் சொன்னார். மரத்து நிழலில் கல் எழுத்து தெரியவில்லையாம், வேர் வந்து பீடத்தைப் பிளந்துவிடுமாம். குஞ்சுகள் மரத்தோடு விழுந்தன. பறவை அக்கம்பக்கத்து மரங்களிடம் போய் இடம் கேட்டது. எங்கள் கிளையில் உட்கார்ந்தால் எங்களுக்கும் கோடாலி வரும் என்று எல்லா மரங்களும் கைவிரித்துவிட்டன. போக்கிடம் இல்லாமல் வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டது.

அப்புறம்தான் அதற்குப் புத்தி வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கன்னியம்மா குடிசைக்குப் பறந்து போனது. வாயைத் திறந்தால் துலுக்காணம் என்ற பெயர் வரவில்லை. பேச்சே போய்விட்டிருந்தது. கிறீச் கிறீச்சென்று கத்தத்தான் முடிந்தது. அவள் தலையைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

கன்னியம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப கத்தி என்னா செய்யறது? அன்னிக்கு எங்க ஊட்டுக்காரரைக் காட்டியிருந்தா போதுமே" என்றாள். உள்ளே போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள். கடைசி வரைக்கும் அவள் விளக்கு வைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை.

ஏரி இப்போது வீட்டுமனையாகிவிட்டது. தனகோட்டி நகர் என்று பெயர். கல்லுக்கு மட்டும் கம்பிவேலி போட்டு, வரலாற்றுச் சின்னம் என்று நீலப் பலகை வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் வந்து, ஏரி காத்த தனகோட்டி என்று உரக்கப் படித்துவிட்டுப் போகிறார்கள். காட்ட வேண்டிய ஓர் ஆளைக் காட்டாமல் விட்ட அந்தப் பறவையோ, அன்று பிடித்து இன்றுவரை, மரத்தில் உட்காராமல், இரவு பகல் பாராமல், நடைப்பயிற்சிக்குப் போகிறவன், பால் வாங்கப் போகிறவள் என்று கண்ணில் படுகிற ஒவ்வொருவர் தலைக்கு மேலும் கத்திக்கொண்டு பறக்கிறது. ஊர் அதற்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்திருக்கிறது.