இருபத்தைந்தாம் தேதி கேக்

இங்கிலாந்து தேசத்தில் ராஜாவே இல்லாமல் பதினோரு வருஷம் கழிந்தது உண்டு. ராஜாவின் தலையை வெட்டிவிட்டு, பட்டாளம் ஆள வந்தது. எப்படி ஆள்வது என்பதுதான் அதற்குப் பிடிபடவில்லை. இன்று ஒரு சபை கூடும். நாளை அது கலைந்துபோகும். பட்டாளத்துக்குள்ளேயே ஐந்து வகை ஜெபம். மற்ற நான்கு வகைக்காரர்களும் நரகத்துக்குத்தான் போவார்கள் என்று ஒவ்வொரு வகையும் நம்பியது. பண்டிகை கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமை.

பிராம்பிள்டன் என்ற ஊர் தளபதி ஒபதயா தார்னிடம் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல உத்தரவுகளை எழுதுபவர் கில்பர்ட் ஃபென். எழுதியதை அடிப்பதும், அடித்ததைத் திரும்ப எழுதுவதுமே வேலையாகிப் போனதால் ஊர்ச் சட்டமெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஒரு வருஷம் தளபதி புதிதாக ஓர் உத்தரவு போட்டார். “டிசம்பர் இருபத்தைந்தும் மற்ற நாள்களைப் போன்றதே. அதை விசேஷ நாளாக நடத்துகிறவர் யாராயினும் ஒரு மாதம் சிறை. அடுப்பு இருந்தால் அதையும் இடிக்க வேண்டும்.”

“யாராயினும் என்பதைப் பெரிதாக எழுதும்” என்றார் தளபதி. ஃபென் பெரிதாகவே எழுதினார்.

அந்த நாளும் வந்தது. மத்தியானம் கேப்டன் கிரிம்ஸ்டன் ஒரு பெண்ணைத் தளபதியின் முன் கொண்டுவந்து நிறுத்தினார். ரொட்டிக் கடை மார்ஜரி. கணவரை இழந்தவள். அந்த அடுப்பு எரிந்தால்தான் அவள் வீட்டில் சாப்பாடு. கேப்டனின் கையில் ஒரு தட்டு, அதில் ஒரு திராட்சை கேக்.

“கையும் களவுமாகப் பிடித்தேன், ஐயா” என்று தட்டை மேசைமேல் வைத்தார்.

“தினமும் இதைத்தான் சுடுகிறேன், ஐயா” என்றாள் மார்ஜரி. “போன வாரம் இந்தக் கேப்டனே இரண்டு துண்டு வாங்கிப் போனார்.”

கேப்டனின் காது சிவந்தது. “அன்று அது வெறும் கேக். இன்று சுட்டால் கொண்டாட்டம்.”

“அடுப்பை இடியுங்கள்” என்றார் தளபதி. மார்ஜரியின் முகம் வெளுத்தது.

ஃபென் இறகுப் பேனாவைக் கீழே வைத்தார். “தீர்ப்பை எழுத ஒரு விவரம் வேண்டும், ஐயா. கேப்டன், நேற்று என்ன செய்தீர்கள்?”

“சிப்பாய்களுக்குக் கவாத்துப் பயிற்சி.”

“முந்தாநாள்?”

“அன்றும் கவாத்துதான்.”

“இன்று?”

“காலை முதல் அறுபத்து மூன்று வீட்டு அடுப்படியை மோந்து பார்த்தேன்.” கேப்டன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“நேற்று ஏன் மோந்து பார்க்கவில்லை?”

“நேற்று எதற்கு ஐயா? இன்றுதானே கிறிஸ்துமஸ்.”

ஃபென் தளபதியின் பக்கம் திரும்பினார். “மார்ஜரியம்மா தினமும் போல அடுப்பு மூட்டினார். கேப்டன் ஒருவர்தான் கவாத்தை விட்டுவிட்டு, ஊரெல்லாம் சுற்றி, இதை விசேஷ நாளாக நடத்தியிருக்கிறார். ஒரு மாதம் என்று எழுதிவிடட்டுமா?”

“அவரை அனுப்பியது நான் அல்லவா?” என்றார் தளபதி.

“அதுதான் எனக்கும் கவலை, ஐயா. யாராயினும் என்று பெரிதாக வேறு எழுதிவிட்டேன்.”

தளபதி தாடையைத் தடவினார். “கேப்டன், கவாத்துக்குப் போம். அம்மா, நீ போய் அடுப்பைப் பார்.”

மார்ஜரி கும்பிட்டுவிட்டு ஓடினாள். கேக்கை எடுத்துப்போகக்கூட அவள் நிற்கவில்லை. அதன் வாசனை அறையெங்கும் பரவியது. தளபதியின் கை மெல்லத் தட்டை நோக்கி நகர்ந்தது.

ஃபென் இருமினார். “தாங்கள் தினமும் கேக் சாப்பிடுவது உண்டா, ஐயா?”

“இல்லையே.”

“அப்படியானால் இன்று மட்டும் சாப்பிடுவது…”

கை திரும்பிவிட்டது. ஃபென் ஒரு பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“என்ன ஐயா இது, உமக்குச் சட்டம் கிடையாதோ?” என்றார் தளபதி.

“சட்டத்துக்குப் பயந்துதான் தின்கிறேன், ஐயா. தினமும் மத்தியானம் மார்ஜரியம்மா கடையில் எனக்கு ஒரு துண்டு உண்டு. இன்று மட்டும் தின்னாமல் விட்டால் ஒரு மாதம் உள்ளே போக வேண்டுமே.”

தளபதி விழுந்து விழுந்து சிரித்தார். தட்டை ஃபென்னின் பக்கமே தள்ளிவிட்டார்.