ஆள்காட்டிக் குருவி நொண்டின கதை

ஒரு தேரியில ஒரு ஆள்காட்டிக் குருவி இருந்துச்சாம். தேரின்னா செக்கச்செவேல்னு மணலு, கண்ணு எட்டுற மட்டும் மணலு. அதுல கூடு கீடு ஒண்ணும் கட்டாம, சின்னதாப் பள்ளம் பறிச்சு, கூழாங்கல்லு மாதிரி நாலு முட்டை போட்டு வச்சிருந்துச்சு. பொரிக்கதுக்கு இன்னும் கொஞ்ச நாளுதான். ம் சொல்லுதியா?

அப்போ டர்ர்ர்னு ஒரு ஜீப்பு வந்துச்சு. ஞானதுரைன்னு ஒரு அதிகாரி எறங்குனான். வெயில்ல கரண்டு எடுக்குற பலகை வைக்க எடம் தேடி வந்தவன். கூட டிரைவர் சுயம்பு.

"பாத்தியா சுயம்பு, ஒண்ணுமே இல்லாத எடம். சும்மால்லா கெடக்கு. எல்லைக்கு அடிக்கிற முளையை எறக்கு."

இல்லாதவன் இருக்க எடமெல்லாம் இவங்க கண்ணுக்கு எப்பவும் சும்மாதான் கெடக்கும். அவன் பூட்ஸுக்குக் கீழ ஒரு அரணை சளுக்குனு மணலுக்குள்ள முங்குச்சு. முள்ளுச்செடி அடியில கவுதாரி மூச்சை அடக்கிப் படுத்திருந்துச்சு. அவன் இன்னும் ரெண்டு எட்டு வச்சா முட்டை சட்னிதான்.

ஆள்காட்டி என்ன செஞ்சுது? "கிட்டிட்டீ, கிட்டிட்டீ"ன்னு கத்திக்கிட்டு ஓடி வந்து, ஒரு றெக்கையை ஒடிஞ்ச மாதிரி தரையில இழுத்துச்சு. சர்ர்க், சர்ர்க்.

"அண்ணாச்சி, நொண்டிப் பறவை. ராத்திரி கொழம்புக்கு ஆச்சு"ன்னான் சுயம்பு.

துரை வெரட்டுனான். அது நொண்டி நொண்டி அவனைப் பனங்காடு வரைக்கும் இழுத்துட்டுப் போயி, விருட்டுனு பறந்துட்டு. பொழுதும் சாஞ்சிட்டு.

அப்புறம் மறுநாளும் வந்தான். அதுவும் மறுபடி நொண்டுச்சு.

"நேத்து நல்லாத்தான பறந்துது?"

"பறந்ததுலதான் ஒடிஞ்சிருக்கும் அண்ணாச்சி."

இந்தத் தடவை உடைமுள்ளுக் காட்டுக்குள்ள. சுருக், சுருக். முள்ளு எடுக்கவே அன்னைய வேலை சரியாப்போச்சு.

அப்போ அதோட சோடி, ஆம்பளை ஆள்காட்டி கேட்டுச்சு. "எத்தனை நாளைக்கு நீ நொண்டுவ? வெரட்டுனா திரும்ப வாரான். ஊருக்குக் கரண்டும் வேணும்லா."

ஆள்காட்டி முட்டை மேல உக்காந்து யோசிச்சுது. இங்க வராதன்னு சொன்னா பாதி வேலைதான் முடியும். எங்க போகணும்னும் காட்டணும்.

தூங்கிட்டியா? ம்.

மூணாம் நாளு துரை வந்ததும், ஆள்காட்டி தத்தித் தத்தி, தேரியைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, உப்பு மூட்டை அடுக்குற கிட்டங்கிக்குப் போச்சு. வரிசை வரிசையா தகரக் கூரை. அதுல ஏறி உக்காந்துச்சு. விடாம வெரட்டி வந்த துரை ஏணி வச்சு ஏறி, தகரத்துல கையை வச்சான். ஸ்ஸ்ஸ்.

"என்ன அண்ணாச்சி, தோசை வார்க்கலாமா?"ன்னான் கீழ நின்ன சுயம்பு.

சத்தம் கேட்டு, உள்ள உப்பு அள்ளிக்கிட்டிருந்த தங்கபுஷ்பம் வெளிய வந்தா. "மேல யாருவே? நெழலு ஏதும் போட வந்தியளா? உள்ள நாங்க வெந்து சாவுதோம்."

துரை சுத்திப் பாத்தான். கூரை, கூரை, கூரை. ஒரு காக்கா இல்ல, ஒரு புல்லு இல்ல. தேரியில அடிக்கிற அதே வெயிலு.

"சுயம்பு, முளை வேண்டாம். டேப்பை எடு."

அப்புறம் கூரையெல்லாம் பளபளன்னு பலகை. அதுக்கு அடியில தங்கபுஷ்பத்துக்குக் குளுகுளுன்னு நெழலு. ஊருல மினுக் மினுக்னு வெளக்கு. தேரியில டிக், டிக், டிக், டிக்னு முட்டை பொரிஞ்சுது.

தொறப்பு விழாவுல துரைக்கு மாலை போட்டாங்க. "இந்த எடத்தை நாந்தான் கண்டுபிடிச்சேன்"னு மைக்குல பேசுனான்.

ஆம்பளைக்கு வந்துச்சே கோவம். "நொண்டுனது நீ, மாலை அவனுக்கா?"

"அவன் போட்டுக்கிடட்டும்"னுச்சு ஆள்காட்டி. "நீ பிள்ளையளைப் பாரு. எவ்வளவு தூரம் ஓடுதுக பாரு."

ஆமா, செவப்பு மணல்ல நாலு குஞ்சும் குடுகுடுன்னு ஓடுச்சு. ஒரு முளைகூட குறுக்க இல்ல.

குருவியெல்லாம் அடைஞ்சிட்டு, கதையும் அடைஞ்சிட்டு. நீயும் கண்ணை மூடு.