எந்த அளவுக்கு

ஜெசிந்தா பதினெட்டு வருடம் மஸ்கட்டில் நர்ஸாக இருந்தவள். நாற்பத்தாறு வயதில் நாகர்கோவிலுக்குத் திரும்பி எம்.ஏ. தமிழில் சேர்ந்தாள். அவளுடைய ஆசிரியை உமையாளுக்கு முப்பத்தொன்று. ஆசிரியை மாணவியை அக்கா என்பாள். மாணவி ஆசிரியையை மேடம் என்பாள். வகுப்பில் யாரும் அதற்குச் சிரித்ததில்லை.

அன்று மதியம் துறை அறைக்குள் வந்த ஜெசிந்தா விடைத்தாளை மேசையில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட அறைந்தாள் என்பதே சரி.

“பதினொரு பக்கம் எழுதியிருக்கேன் மேடம். இருபதுக்கு நாலு. எது தப்பு? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க.”

“எதுவும் தப்பில்லை.”

“அப்போ மிச்ச மார்க் எங்க போச்சு? பக்கத்து வீட்டுக்கா?”

உமையாள் சிரித்துவிட்டாள். “கேள்வியை வாசிங்க அக்கா.”

ஜெசிந்தா வாசித்தாள். ‘பொருள் தேடிப் பிரியும் தலைவன், எந்த அளவுக்குத் தலைவிக்காகப் பிரிகிறான்? ஆராய்க.’

“எழுதியிருக்கேனே! பிரிவு எத்தனை வகை, பாலையில என்ன மரம், என்ன பறவை, வழியில கள்வர்… அவன் வெயில்ல பட்ட பாடு மட்டுமே நாலு பக்கம்.”

“வார்டுக்கு டாக்டர் வந்து, மூணாம் பெட்டுக்குக் காய்ச்சல் எவ்வளவுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

“நூத்திரெண்டும்பேன்.”

“காய்ச்சல்னா என்ன, எத்தனை வகைன்னு…”

“வெளியே போன்னுடுவாரு.” சொல்லிவிட்டு ஜெசிந்தா கையை உதறினாள். “அது தெர்மாமீட்டர் மேடம். வச்சா காட்டிடும். ஒருத்தன் மனசுல அவளுக்காக எவ்வளவு, தனக்காக எவ்வளவுன்னு எதை வச்சு அளக்க? பாதி தனக்காகத்தான் போனான்னு எழுதினா அவன் பட்ட பாடெல்லாம் பொய்யாயிடாதா?”

“அதனாலதான் எழுதலையா?”

ஜெசிந்தா விடைத்தாளின் ஓரத்தை மடித்தாள், நிமிர்த்தினாள். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

மகள் அனிலா. பெங்களூரில் வேலை. தாய் விமானம் ஏறியபோது அவளுக்கு மூன்று வயது. சித்தி வளர்த்த பிள்ளை. தாய் திரும்பி வந்த பிறகும் ஒருமுறைகூட அம்மா என்று வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. பிப்ரவரியில் ஒரே ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: ‘உனக்காகத்தான் போனேன்னு சொல்றீங்களே, எந்த அளவுக்கு?’

அதன் கீழே ஜெசிந்தாவின் பதில். உமையாளின் கட்டைவிரல் தள்ளிக்கொண்டே போனது. மஸ்கட் வெயில். பன்னிரண்டு மணி நேர டியூட்டி. எட்டுப் பேர் படுத்த அறை. தலையணைக்கு அடியில் வைத்திருந்த சின்னச் சட்டை. மறுபடியும் வெயில்.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. படித்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீல டிக் மட்டும்.

“தினமும் எடுத்துப் பாக்கேன் மேடம். ஒரு வரி பொய் கிடையாது.” ஜெசிந்தாவின் குரலில் சண்டை போயிருந்தது. “அந்த வெள்ளை யூனிபார்ம்ல எனக்கு என்னையே பிடிச்சிருந்துதுன்னு ஒரு வரி எழுதினேன். அனுப்பும்போது அழிச்சுட்டேன். அதையா புள்ளகிட்டச் சொல்ல?”

உமையாள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“காய்ச்சல் இருக்கான்னு அவ கேட்கலையே அக்கா. எவ்வளவுன்னுதானே கேட்டா?”