ஒல்லி சுவருக்குள் போன கதை

அந்தக் காலத்தில், உயிர்களெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளிகளாய்ச் சேற்றுக் கடலில் மிதந்தபடி பேசிக்கொண்டிருந்தபோது, மொத்தையன் என்றொரு பெரிய துளி இருந்தான். அவனுக்கு ஒரே மகள். மெலிந்த உடம்புக்காரி என்பதால் ஒல்லி என்று கூப்பிட்டார்கள்.

ஒருநாள் பசி தாங்காமல் மொத்தையன் தணலி என்ற குட்டித் துளியை விழுங்கிவிட்டான். அவள் காற்றைக் குடித்து நெருப்பு வளர்க்கிறவள். அவன் வயிற்றுக்குள் போயும் அவள் சாகவில்லை. தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டு உள்ளேயே கங்கு மூட்டினாள்.

கங்கு வெளியே வர வழியில்லை. உள்ளே அது குவிந்து கிடக்க, வெளியே மொத்தையன் குளிர்ந்துபோனான். நகரவும் தெம்பில்லை. மறுபடி மூட்டுவதற்குத் தணலிக்கு எரிந்து தீர்ந்த கரி வேண்டும். அதுவோ சுவருக்கு வெளியே, மொத்தையன் முன்பு எரித்துத் தீர்த்த மிச்சமாய், வீணாய்க் கிடந்தது.

“ஒரு ஓட்டை போட்டால் என்ன?” என்று அப்பாவின் வயிற்றுக்குள் நுழைந்து, சுவரோரம் நின்று கேட்டாள் ஒல்லி.

“ஓட்டை விழுந்தால் என் நெருப்பு அணைந்துவிடும்,” என்றாள் தணலி உள்ளிருந்து. “யாராவது சுவருக்குள்ளேயே நிற்கணும். ஒரு பக்கத்தை மூடிக்கொண்டுதான் மறுபக்கம் திறக்கணும். ரெண்டும் சேர்ந்து திறக்கவே கூடாது.”

ஒல்லி அப்பாவிடம் வந்தாள். “நான் போறேன்ப்பா.”

“போனால் திரும்பி வர முடியாதும்மா. தணலி வீட்டுப் பெண்ணாகவும் ஆக முடியாது.”

“தெரியும்ப்பா.”

அப்பா தடுக்கவில்லை. தெம்பு இருந்திருந்தால் தடுத்திருப்பாரோ என்று பிறகு அவள் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

சுவருக்குள் போய் நின்றாள். உள்பக்கம் திரும்பித் தணலியிடம் ஒரு கங்கு வாங்கினாள். வெளிப்பக்கம் திரும்பி அதைக் கொடுத்துவிட்டு ஒரு கரியை எடுத்துக்கொண்டாள். மொத்தையனின் உடம்பு மெல்லச் சூடேறியது. “ஒல்லி, இருக்கியாம்மா?” என்று அவன் கேட்டபோது அவள் தணலியின் பக்கம் திரும்பியிருந்தாள். இந்தப் பக்கம் திரும்புவதற்குள் அவன் கதகதப்பில் தூங்கிப்போயிருந்தான். எழுப்ப நேரமில்லை, உள்ளே அடுத்த கங்கு காத்திருந்தது. தணலி நல்லவள்தான். ஆனால் நெருப்பைத் தவிர வேறு பேச்சு அவளிடம் கிடையாது.

அன்று முதல்தான், மொத்தையன் வழிவந்த நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஒல்லியின் பெண்கள் தணலியின் சுவருக்குள் தன்னந்தனியாக நின்று, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே முகம் காட்டுகிறார்கள். அப்படித் திரும்ப முடியாமல் அவர்கள் பிறந்துவிட்ட உடம்பில்தான், கங்கு வெளியே வராமல், வயிறாரச் சாப்பிட்ட பிள்ளைக்கும் இதயம் தடித்து, இமை சரிந்து, நாலு படி ஏறுவதற்குள் கால் ஓய்ந்துபோகிறது.