கல்லானவனை உட்காரச் சொன்னவள்

முன்னொரு காலத்தில், நீங்களும் பிறக்கவில்லை, உங்கள் ஊரும் பிறக்கவில்லை, வெண்பாறை நாட்டு மலையுச்சியில் ஒரு வீடு இருந்தது. வீடா அது? நாலு மூலைக்கும் நாலு கோபுரம், சுற்றிலும் அகழி, யானை புகும் வாசல்! பக்கத்திலிருந்த ராஜாவின் அரண்மனைகூட மாட்டுக்கொட்டில் மாதிரிதான் தெரியும்.

உள்ளே இருந்ததைச் சொன்னால் வாயைப் பிளப்பீர்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பம் தேடித்தேடிச் சேர்த்த சாமி உருவங்கள்! இப்போதுதான் சிரிக்க ஆரம்பித்தவள் போல ஒரு வெண்கல அம்மன். ஒரே சந்தனக் கட்டையில் கடைந்த புத்தர். கப்பலேறி வந்த மாதா, அவள் மடியில் விரல் சூப்பும் குழந்தை. அடடா, பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் பார்க்க விட்டால்தானே? வெளியாள் யாரும் கூடத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம்.

அக்கா மரகதவல்லி, தம்பி வீரசிம்மன், இந்த இரண்டு பேர்தான் அப்போது வீட்டுக்கு உரியவர்கள். ஒருநாள் கபாலகேது என்ற மந்திரவாதி, பரதேசி வேஷத்தில் வந்து, ஒரே ஒரு தரம் சாமிகளைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினான். விடை வரும் முன்பே அவன் கூடத்துக்குள் நுழைந்துவிட, வீரசிம்மன் நடுவில் மறித்துக்கொண்டு நின்றான். மந்திரவாதிக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது.

“காவல் நிக்கத்தானே ஆசை? நில்லு!” என்றான்.

அவ்வளவுதான். நின்றவன் நின்றபடியே கருங்கல்லாகிப் போனான். மரகதவல்லி காலில் விழுந்து கதறினாள். மந்திரவாதி கொஞ்சம் இறங்கி வந்தான். அயலார் ஒருவர் தானாகவே இவனை மனிதன் என்று நினைத்து, பரிவாக ஒரு வார்த்தை கேட்டால் உயிர் வரும் என்றான். ரகசியத்தை நீ வெளியே சொன்னாலோ, இவன் என்றைக்கும் கல்தான் என்று சொல்லி மறைந்தான்.

மரகதவல்லி வழக்கத்தைத் தூக்கி எறிந்தாள். முதலில் ராஜாவை அழைத்தாள். ராஜா கல்லைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு பண்டிதர்களை அழைத்தாள். இது எந்தத் தெய்வம் என்று தங்களுக்குள் சண்டை போட்டுவிட்டு, அவர்களும் கும்பிட்டார்கள். கடைசியில், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று நாடெங்கும் தண்டோரா போட்டாள். ஜனங்கள் சாரைசாரையாக வந்தார்கள், பார்த்துப் பார்த்துப் பூரித்தார்கள். தம்பியையும் சாமி என்றே எல்லோரும் கும்பிட்டார்கள்!

ஏன் கும்பிடமாட்டார்கள்? கூடத்தில் நிற்கும் எல்லாவற்றுக்கும் விடிந்ததும் சந்தனம் பூசி மாலை போடுவது அந்த வீட்டுக்காரர்களின் பழக்கம். பாசத்தில் அக்கா தம்பிக்குத்தான் பெரிய மாலையாகப் போட்டுவந்தாள். பாவம், அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

வருஷங்கள் போயின. ஒருநாள் உப்பு விற்கும் சடைச்சி, மலையேறிய களைப்போடு உள்ளே வந்தாள். உட்கார எங்கேயாவது இடமிருக்கிறதா என்று குனிந்து தேடியவள் கண்ணில் மாலையும் படவில்லை, முகமும் படவில்லை. அசையாமல் நின்ற இரண்டு கால்கள்தான் பட்டன.

“ஏம்ப்பா, நீயும் நின்னுக்கிட்டா இருக்கே? கால் கடுக்கலையா? சித்த உக்காரேன்,” என்றாள்.

கல் விரல் அசைந்தது. முழங்கால் மடங்கியது. வீரசிம்மன் தரையில் தொப்பென்று உட்கார்ந்து, குழந்தை மாதிரி ஓவென்று அழுதான். அக்கா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள். அழுகைக்கு நடுவிலேயே அவன் கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் சடைச்சிக்கு இடம் விட்டான்.

பொன்னா, நிலமா, என்ன வேண்டும் என்று மரகதவல்லி கேட்டாள்.

“உக்கார ஒரு பலகை போடுங்க தாயி. நின்னுக்கிட்டே பார்த்தா மனசு நிறைய மாட்டேங்குது,” என்றாள் சடைச்சி.

வீரசிம்மனே பலகையைச் சுமந்து வந்து மாதாவுக்கு எதிரில் போட்டான். சடைச்சிக்கு ஆயுசுக்கும் அந்த வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு அவள் பலகையில் காலை நீட்டி உட்கார்ந்து, அந்த விரல் சூப்பும் குழந்தையை ஆசைதீரப் பார்ப்பாள். அவளாக எழுந்திருக்கிற வரைக்கும் கோட்டைக் கதவை யாரும் சாத்தமாட்டார்கள்.