மரகதத்தின் எடை

மடத்து அம்மையாரிடம் தீட்சை வாங்கியபோதே குழந்தைவேலுவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அம்மையாருக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அதனால் சீடர் குருவை ‘அம்மா’ என்பார். குரு சீடரை ‘ஐயா’ என்பார். மடத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழந்தைவேலு முத்திரை இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம். தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருந்தால் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவார் என்று கடைவீதியில் பேச்சு. அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடத்துக்கு வந்து, துணிப்பையிலிருந்து வீட்டு எடை மெஷினை எடுத்துக் குருவின் முன்னால் வைத்தார்.

“அம்மா, இது பொய் சொல்லுது.”

“என்ன பொய்?”

“மரகதத்தை நிறுத்துப் பார்த்தா ஒரு தடவை சொன்னதை மறு தடவை சொல்ல மாட்டேங்குது. குளியலறையில ஒண்ணு, கூடத்துல ஒண்ணு, பாய் மேல வேற ஒண்ணு.”

மரகதம் அவர் மனைவி. வயிற்றில் புற்று. டாக்டர் மதுரையில் இருந்தார். திங்கட்கிழமை தோறும் எடையைப் போனில் சொல்லச் சொல்லியிருந்தார். எடை குறையாமல் நின்றால் புற்றுக்குப் போடுகிற ஊசியைத் தொடரலாம். இறங்கிக்கொண்டே போனால் ஊசியால் வேதனைதான் மிச்சம், நிறுத்திவிடலாம் என்றும் சொல்லியிருந்தார். ஊசி போட்டுவிட்டால் மரகதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் குமட்டிக்கொண்டே இருப்பாள். தொண்டியில் அக்கா வீட்டுக்குப் போய், இருக்கிற நாளைக் கடற்காற்றில் கழிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஊசி நின்றால்தான் போக முடியும்.

“டாக்டருக்கு எதைச் சொல்றீங்க?”

“இருக்கறதுல பெரிசை.”

“கடைக்காரன் மூணு தரம் நிறுத்து, தனக்குத் தோதானதை வெச்சுக்கிட்டா?”

“மெஷினைப் பறிமுதல் பண்ணுவேன்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், வேறென்ன செய்வார்!

அம்மையார் மடைப்பள்ளியிலிருந்து பிரிக்காத அரிசிப் பையைக் கொண்டுவரச் செய்தார். பத்துக் கிலோ பை. சிமெண்டுத் தரையில் மெஷினை வைத்து, அதன்மேல் பையை வைத்தார். பத்து காட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் பத்துதான்.

“அரிசிக்கு உண்மை சொல்லுதே, ஐயா.”

குழந்தைவேலு அரிசிப் பையைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

“ஆளை எப்படி நிறுத்தா சரியா இருக்கும்? உங்களுக்குத் தெரியாததா?”

“காலையில, வெறும் வயித்துல. கெட்டித் தரையில, ஒரே இடத்துல. ஒரே மாதிரி துணி. எதையும் பிடிக்கக் கூடாது.” பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

“நீங்க எப்போ நிறுக்கறீங்க?”

“கஞ்சி குடிச்ச பிறகு.”

“நாளைக்கு விடிஞ்சதும் நான் வர்றேன்.”

மறுநாள் அம்மையார் போனபோது மரகதம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

“வாங்கம்மா. ஊர்க் கடையெல்லாம் சோதிச்சவர் வீட்டுக்கே சோதனையா?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

கூடத்துத் தரையில் மெஷினை வைத்தார்கள். மரகதம் மெல்ல ஏறினாள். குழந்தைவேலு வழக்கம்போல அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒட்டி நின்றார். அவருடைய பாதம் மெஷினின் ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

“காலை எடுங்க, ஐயா.”

அது எப்படி அங்கே போனது என்று தெரியாதவர் போல அவர் காலையே பார்த்தார். இந்தக் களவை எத்தனை கடையில் பிடித்திருப்பார்! எடுத்துக்கொண்டார்.

“கையையும்.”

“விழுந்துடுவாம்மா.”

“நான் முன்னாடி நிக்கறேன்.”

கையை விட்டார். மரகதம் லேசாக ஆடிவிட்டு நின்றாள். அவளால் குனிந்து பார்க்க முடியாது.

“என்ன காட்டுது?” என்று அவரைக் கேட்டாள்.

அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“சொல்லுங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சது போதாதா?” என்றாள் மரகதம்.

“முப்பத்து நாலு.”

போன வாரம் டாக்டரிடம் முப்பத்தொன்பது என்று சொல்லியிருந்தார். இப்போது சொல்லி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். மரகதம் அழவில்லை. அம்மையாரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அக்காவுக்குப் போன் போடுங்க” என்றாள்.

வாசல்வரை குருவை வழியனுப்ப வந்த குழந்தைவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ரவிக்கை தொளதொளன்னு ஆகி, அவளேதான் பின் குத்திப் போட்டுக்கிட்டா. நான் புளுகறேன்னு அவளுக்கு முதல்லேருந்தே தெரிஞ்சிருக்கு. அப்புறம் எதுக்கும்மா வாரா வாரம் ‘என்ன காட்டுது’ன்னு என்கிட்டயே கேட்டா?”

அம்மையார் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“நீங்க தாங்குவீங்களான்னு பார்க்கத்தான், ஐயா.”